எந்தக் கெட்டிக்காரி?

எங்கள் பயிற்சி நிலையத்தில் யாரையாவது பாராட்ட வேண்டுமென்றால் முதலில் சுற்றுமுற்றும் பார்த்துக்கொள்வோம், சிஸ்டர் காதில் விழுகிற தூரத்தில் இருக்கிறாரா என்று. ஒருமுறை நிலையத்தை நடத்தும் சார் அப்படிப் பார்க்க மறந்துவிட்டார். வரவேற்பில் இருக்கும் பெண் வகுப்பு நேரங்களை மாற்றிப் போட்டு, ஒரே அறைக்கு இரண்டு வகுப்புகள் முட்டிக்கொள்ளும் சிக்கலைத் தீர்த்திருந்தாள். சார் எல்லோர் முன்னாலும், "ரொம்பப் புத்திசாலிப் பொண்ணு" என்றார். தண்ணீர் கேன் பக்கத்திலிருந்து சிஸ்டரின் குரல் வந்தது.

"எந்தப் புத்திசாலி, சார்?"

"எந்தன்னா? புத்திசாலின்னா புத்திசாலிதான்."

"இல்லையே. நாலஞ்சு கீதுல்ல," என்று முன்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எடுத்துக்கொடுத்தாள். புத்திசாலிக்கு உள்ள வார்த்தைகளும் அவற்றின் வேரும் வகுப்பில் கேட்டுக் கேட்டு அவளுக்கு மனப்பாடம்.

"பொறுக்கி எடுக்கத் தெரிஞ்சவளா, முழிச்சுக்கிட்டு இருக்கறவளா, இல்ல கைக்கு அடக்கமானவளா?" என்று சிஸ்டர் கேட்டார். கேலி இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பினார். சார் கைபேசியை எடுத்து யாருக்கோ பேசுவது போல வெளியே போய்விட்டார். சாயங்காலம் அந்தப் பெண் என்னிடம் வந்து, "மேடம், சிஸ்டர் என்னைத் திட்டினாங்களா, பாராட்டினாங்களா?" என்று கேட்டாள். கண் கலங்கியிருந்தது. எனக்கே அவர் விஷயத்தில் பல தடவை அந்தச் சந்தேகம் வந்திருக்கிறது.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே எங்கள் நிலையம். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு மொழி சொல்லிக்கொடுக்கும் இடம். நான் பிரெஞ்சு நடத்தினேன். அதோடு மாணவர் குறைகளைக் கேட்கும் வேலையும் என் தலையில்தான். சிஸ்டர் இத்தாலியன் நடத்தினார். இத்தாலியில் ஒரு கன்னியர் மடத்தில் பல வருடங்கள் இருந்து, லத்தீனும் படித்து, பிறகு துறவை விட்டு வெளியே வந்தவர். கீழ்க்கட்டளையில் தம்பி குடும்பத்தோடு இருந்தார். மடத்தை விட்ட பிறகும் எல்லோரும் அவரை சிஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். ஊரில் இருக்கும் அத்தனை வார்த்தைகளையும் திருத்துகிறவர் அந்த ஒன்றை மட்டும் திருத்தவில்லை.

குள்ளம். வேக நடை. கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகக் கட்டியிருப்பார். ஒரு வார்த்தையை யோசிக்கும்போது கட்டைவிரலை ஆள்காட்டி விரலில் வைத்துத் தேய்ப்பார். அந்த விரல் தேய ஆரம்பித்தால் அடுத்த அரைமணி நேரம் போயிற்று என்று அர்த்தம்.

எனக்கு வந்த முதல் புகாரே அந்த அரைமணி நேரத்தைப் பற்றியதுதான். தேர்வு நெருங்கிக்கொண்டிருந்த நேரம். "மேடம், 'எனக்குத் தெரியும்'னு இத்தாலியன்ல சொல்லக் கத்துக்க வந்தோம். சிஸ்டர் நாக்கைப் பத்தியே பேசிட்டிருக்காங்க," என்றார்கள். போய்ப் பார்த்தேன். பலகையில் சபேரே என்று எழுதியிருந்தது. தெரிந்திருத்தல் என்று பொருள். லத்தீனில் அதற்கு முதல் பொருள் ருசி பார்ப்பது, ருசியாக இருப்பது. ஞானி என்றால் ருசி தெரிந்தவன். பிரெஞ்சிலும் ஸ்பானிஷிலும் அதே வேர்தான் என்று சொல்லிவிட்டு, ஒவ்வொருவரும் கடைசியாக ருசி பார்த்துத் தெரிந்துகொண்ட விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒருத்தி நாத்தனார் வைக்கும் சாம்பாரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வகுப்பு முடிந்ததும், "சிஸ்டர், பரீட்சையில வேர் கேக்க மாட்டாங்க. கோடிட்ட இடம்தான் கேப்பாங்க," என்றேன்.

"தெரியும்னா என்னன்னே தெரியாம 'தெரியும்'னு எழுதச் சொல்றியா, பர்வீன்?"

"ஆமா சிஸ்டர். அப்படித்தான் எல்லாரும் எழுதறாங்க."

"அதான் பார்க்கறேனே," என்றார்.

இதுதான் அவரிடம் எரிச்சல். நாம் வாதாட வருவோம், அவர் ஒத்துக்கொள்வது போல ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நம்மையே மாட்டிவிடுவார். இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். அவருடைய மாணவிகள் பரீட்சை முடிந்த பிறகும் வார்த்தைகளை மறக்கவில்லை. என் மாணவர்கள் மறந்தார்கள்.

கஸ்தூரி அந்த வகுப்பில் சேர்ந்தவள். நகரத்துக் குடிசைகளை அகற்றி ஆட்களைக் கொண்டுபோய் வைத்த பெரும்பாக்கம் குடியிருப்பில் இரண்டு பெண் பிள்ளைகளோடு தனியாக இருந்தாள். ஒரு தனியார் மருத்துவமனையில் வார்டு ஆயாவாக வேலை பார்த்து, இத்தாலியில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போக வேண்டும் என்று அந்த வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். திரும்பிப் போக இடமில்லை. ஆனாலும் வகுப்பில் அவள் இருந்தால் சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். சிஸ்டரோடு சரிக்குச் சரி நிற்கிறவள் அவள் ஒருத்திதான்.

அஸ்தூதோ என்ற வார்த்தை வந்தது. தந்திரசாலி. "அந்தக் காலத்துல சில பேர், இது நகரம்ங்கற கிரேக்க வார்த்தையிலேர்ந்து வந்ததுன்னு சொன்னாங்க. நகரத்துல இருக்கறவன் தந்திரக்காரன்னு. ஆனா அது சரியில்ல," என்றார் சிஸ்டர்.

"இன்னா சரியில்ல? கரெக்டாதான் சொல்லிக்கீறான். சிட்டில இருந்து எங்கள பெரும்பாக்கத்துல கொண்டாந்து போட்டாங்களே, அவனுங்க அல்லாம் அஸ்தூதோதான்," என்றாள் கஸ்தூரி.

சிஸ்டர் சிரித்து நான் பார்த்தது குறைவு. அன்று சிரித்தார். பிறகு அவளிடமே, தமிழில் கெட்டிக்காரனுக்கு என்னென்ன வார்த்தை இருக்கிறது என்று கேட்டார். கெட்டிக்காரி என்றால் கெட்டியானவள், உடையாதவள். சூட்டிகை என்றால் சூடு உள்ளவள். கஸ்தூரி உஷார் என்றாள். அன்று நானும் வாசலில் நின்றிருந்தேன். பல்லாவரத்தில் எங்கள் வீட்டில் மாமியார் உருது பேசுவார். உஷார் அவர் சொல்லும் ஹோஷியார்தான், ஹோஷ் என்றால் சுயநினைவு, தெளிந்த நிலை என்று தெரியும். அதைச் சொன்னேன். சிஸ்டர் சட்டென்று திரும்பி, "அப்போ முழிச்சுக்கிட்டு இருக்கறவ! இத்தாலியன்ல ஸ்வெல்யா. அதே அர்த்தம். ஸ்பானிஷ்லயும் அதேதான். விடிகாலையில எழுந்தவளை மாதிரி," என்றார். அவர் முகத்தில் அவ்வளவு வெளிச்சம் வந்தது. அந்த நிமிடம் எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அடுத்த வாரமே பிடிக்காமல் போயிற்று என்பது வேறு.

அவருக்குப் பிடிக்காத வார்த்தை அபிலே. திறமைசாலி என்றுதான் எந்த அகராதியிலும் இருக்கும். ஒரு மதியம் சாப்பாட்டு நேரத்தில், மடத்தில் தன்னை மூத்த கன்னியர்கள் அப்படியும் பாராட்டுவார்கள் என்று சொன்னார். அவர் எப்போதும் நின்றுகொண்டேதான் சாப்பிடுவார். "லத்தீன்ல அதுக்கு என்ன தெரியுமா? பிடிச்சுக்கறதுக்கு வசதியானது. கைப்பிடி நல்லா இருக்கற பாத்திரம் மாதிரி." நான் பேச்சை மாற்ற, பிரெஞ்சில் குழந்தைகளைச் செல்லமாகக் கெட்டிக்காரி என்று சொல்லும் வார்த்தையைத்தான் டாக்டர்கள் புற்றுநோய்க் கட்டிக்கும் சொல்கிறார்கள் என்றேன். வேர் லத்தீனில் கெடுதல். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு விரலைத் தேய்க்க ஆரம்பித்தார். ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது.

கஸ்தூரிக்கு வட இத்தாலியில் ஒரு குடும்பத்திலிருந்து நேர்காணல் வந்தது. எண்பதைத் தாண்டிய ஒரு அம்மாளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த அம்மாளின் மகள் கணினித் திரையில் பேசினார். கஸ்தூரி தனக்குத் தெரிந்த இத்தாலியனில் பேசுவாள், முடியாத இடத்தில் தமிழில் சொல்லலாம், சிஸ்டர் மொழிபெயர்ப்பார் என்று ஏற்பாடு. நான் கணினிக்குப் பின்னால் நின்றேன், மின்சாரம் போனால் சமாளிக்க.

நன்றாகத்தான் போயிற்று. பெயர், ஊர், பிள்ளைகள், வார்டு வேலை எல்லாவற்றையும் கஸ்தூரியே சொன்னாள். பிறகு அந்தப் பெண் கேட்டார்: அம்மா மாத்திரையைத் துப்பிவிடுகிறார், நீ என்ன செய்வாய்?

கஸ்தூரி தமிழுக்கு மாறினாள். "துப்புனா துப்பட்டும்னு வுட்ருவேன். கொஞ்ச நேரம் கயிச்சு, அய்யோ எனக்கும் தலைய வலிக்குதுன்னு ஒரு முட்டாய எடுத்து கைல வச்சுக்குவேன். வா பாட்டி, ரெண்டு பேரும் ஒண்ணா முழுங்கலாம், யாரு மொதல்ல முழுங்கறாங்கன்னு பாக்கலாம்னுவேன். வார்டுல எத்தினி பேர இப்டி முழுங்க வச்சிருக்கேன்!"

சிஸ்டர் ஒரு வார்த்தை விடாமல் அழகாக மொழிபெயர்த்தார். திரையில் அந்தப் பெண் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். "கே ஃபூர்பா!" என்றார். என்ன கெட்டிக்காரி! அந்தச் சிரிப்பைப் பார்த்தால் மொழி தெரியாதவர்களுக்கும் புரியும், வேலை கிடைத்துவிட்டது என்று. நான் கஸ்தூரிக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

சிஸ்டர் கஸ்தூரியின் பக்கம் திரும்பவில்லை. திரையைப் பார்த்து, எந்தப் பொருளில் சொல்கிறீர்கள் என்று இத்தாலியனில் கேட்டார்.

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. பாராட்டாகத்தான் சொன்னேன் என்றார், இன்னும் சிரித்துக்கொண்டே.

பாராட்டுவதற்கு வேறு வார்த்தை இருக்கிறதே, என்றார் சிஸ்டர். ஸ்வெல்யா என்று சொல்லலாம். ஃபூர்பா என்றால் ஏமாற்றத் தெரிந்தவள் என்றும் ஆகும். வீட்டுக்குள் வரும்போதே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால், நாளைக்கு ஒரு மோதிரம் காணாமல் போனால் நீங்கள் முதலில் இவளைத்தான் பார்ப்பீர்கள்.

திரையில் சிரிப்பு நின்றது. எதற்காக மோதிரத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று கேட்டார். ஏதாவது நடந்திருக்கிறதா? அதன்பிறகு சிஸ்டர் எவ்வளவு விளக்கியும் அந்த முகம் திரும்ப மலரவில்லை. மரியாதையாக நன்றி சொல்லி முடித்தார். மாலையில் செய்தி வந்தது, வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று.

மோதிரம் என்ற வார்த்தை கஸ்தூரிக்கு இத்தாலியனில் தெரியும். சிஸ்டர்தான் கற்றுக்கொடுத்திருந்தார். அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "மோதிரம்னு இன்னாத்துக்கு சிஸ்டர் சொன்ன? நானா எடுத்தேன்? யாரு மோதிரம்?" என்றாள். எப்போதும் 'ங்க' போட்டுப் பேசுகிறவள் அன்று போடவில்லை. பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

மாடிப்படியில் சிஸ்டரைப் பிடித்தேன். "உங்களை யாரு சிஸ்டர் கேட்டா? சிரிச்சாங்க, பாராட்டினாங்க, முடிஞ்சுது. அதுல என்ன வேர் வேண்டியிருக்கு?"

"அந்த வார்த்தைக்கு லத்தீன்ல வேரே இல்ல, பர்வீன். திருடங்க பாஷை. பாத்திரத்தைத் தேச்சுத் துடைக்கறதுங்கற வார்த்தைலேர்ந்து, துடைச்சு எடுத்துட்டுப் போறதுன்னு ஆகி…"

"வேணாம்!" என்று கத்திவிட்டேன். மருந்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அவர் படியில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே அரிது. பிறகு மெதுவாகச் சொன்னார். மடத்தில் சேர்ந்த புதிதில் துணி துவைக்கும் வேலை அவருக்கு. வேலை சீக்கிரம் முடிகிற மாதிரி ஒரு வழி கண்டுபிடித்தார். மற்றவர்கள் சிரித்து, கன்னத்தைத் தட்டி, ஃபுர்பெத்தா என்றார்கள். குட்டிக் கெட்டிக்காரி. அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னார். அம்மா தெரு முழுக்கச் சொன்னார். கொஞ்ச காலம் கழித்து, மடத்துக் கோவிலின் வெள்ளிக் கிண்ணம் ஒன்று காணாமல் போயிற்று. யாரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. நேராக அவர் அறைக்குத்தான் வந்தார்கள். பெட்டியைக் கொட்டினார்கள். கடைசியில் கிண்ணம் கோவில் அலமாரிக்குப் பின்னால் விழுந்து கிடந்தது.

"மன்னிப்புக் கேட்டாங்களா?"

"இல்ல. மறுநாள் காலையில அதே மாதிரி கன்னத்தைத் தட்டி, அதே வார்த்தையச் சொல்லித்தான் கூப்பிட்டாங்க. அதே சிரிப்பு."

எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் பாவத்தைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது. "அது உங்களுக்கு நடந்தது சிஸ்டர். கஸ்தூரிக்கு நடக்கல."

"நடக்கறதுக்கு முன்னாடிதானே கேக்க முடியும்?"

நான் படியிறங்கிப் போய்விட்டேன்.

சார் அவரை அழைத்து நிறையப் பேசினார். இனி நேர்காணல் பக்கமே வரக்கூடாது என்றார். அவர் சரி சார், சரி சார் என்று கேட்டுக்கொண்டார். வகுப்பை மட்டும் தொடர்ந்தார். சில மாதங்கள் கழித்து இத்தாலியன் வகுப்பையே மூடிவிட்டார்கள். எல்லோருக்கும் ஜெர்மன்தான் வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு அவர் எங்கே வேலைக்குப் போனார் என்று எனக்குத் தெரியாது.

மூடுவதற்கு முன்பே கஸ்தூரிக்கு இன்னொரு நேர்காணல் வந்தது. இந்த முறை ஒரு முதியவர், மனைவியை இழந்தவர். அவருடைய மகன் பேசினார். என்னுடைய இத்தாலியன் பிரெஞ்சு வாடை அடிக்கிற இத்தாலியன். ஆனாலும் மொழிபெயர்க்க நான்தான் உட்கார்ந்தேன். எனக்கு வேலையே இருக்கவில்லை. கஸ்தூரி தமிழுக்கு மாறவே இல்லை. அவருடைய அப்பாவுக்கு என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது, கோபம் வந்தால் என்ன செய்வார் என்று அவளே திருப்பிக் கேட்டாள். அவர் ஏதோ ஒரு வார்த்தையால் அவளைப் பாராட்டினார். எது என்றுகூட நான் கவனிக்கவில்லை. நன்றி என்று சொல்லி முடித்தோம். வேலை கிடைத்தது. சார் எனக்கு எல்லோர் முன்னாலும் கைகொடுத்தார். வார்த்தையை வார்த்தையாக விட்டால் காரியம் நடக்கும் என்று சிஸ்டர் காதில் படும்படி நான் சொன்னேன். அவர் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

கஸ்தூரி கிளம்பிய அன்று காலை விமானம். என் வீடு விமான நிலையத்துக்குப் பக்கத்தில்தானே என்று நான் வழியனுப்பப் போனேன். அங்கே சிஸ்டர் நின்றுகொண்டிருந்தார். கஸ்தூரியின் சின்ன மகள் அவர் கையைப் பிடித்திருந்தாள், ரொம்ப நாள் பழகியவள் மாதிரி. எனக்குச் சங்கடமாக இருந்தது. இருவரும் பேசிக்கொள்வதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். கஸ்தூரி என்னிடம் நன்றி சொன்னாள். பிறகு சிஸ்டரைக் கட்டிக்கொண்டாள். நெடுநேரம் விடவில்லை.

"இன்னா மேடம் அப்டி பாக்குறீங்க? உங்களுக்குத் தெரியாதா?" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அன்னிக்கு நான் கோச்சுகினு போனேன்ல, மறுநாளே வூட்டுக்கு வந்துட்டாங்க. லிப்ட் வேற ஓடல. மாடி ஏறி வந்து மூச்சு வாங்கிகினு, மன்னிச்சுக்கோன்னாங்க. போ சிஸ்டர்னு கதவ சாத்திட்டேன். அடுத்த நாளும் வந்தாங்க. அப்புறம் டெய்லி சாய்ந்தரம் எங்க வூட்ல தான் கிளாஸு. கிழவன் கோச்சுகினா இன்னா பேசணும், புள்ளையாண்டான் கேட்டா இன்னா சொல்லணும், அல்லாம் அவங்கதான். என் பொண்ணுங்ககூட இத்தாலியன்ல தான் சண்ட போடுதுங்க."

அவள் உள்ளே போன பிறகு நாங்கள் இருவரும் ஒரே ஆட்டோவில் ஏறினோம். நான் பல்லாவரத்தில் இறங்க வேண்டும். அவர் அதைத் தாண்டிக் கீழ்க்கட்டளைக்குப் போக வேண்டும்.

"ஏன் சிஸ்டர் என்கிட்ட சொல்லல?"

"எதை?"

"தினமும் பெரும்பாக்கம் போனதை. சார் அத்தனை பேசினாரே, அவர்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"அவர் பேசினது இன்டர்வியூவைப் பத்தி. அதுல அவர் சொன்னது சரிதானே."

"அப்போ நீங்க செஞ்சது தப்புன்னு ஒத்துக்கறீங்க."

"தப்புதான். கஸ்தூரிகிட்ட சொல்லிட்டேன்."

எனக்கு ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். "சரி, நாளைக்கு இன்னொரு இன்டர்வியூ. இன்னொரு அம்மா அதே வார்த்தையச் சொல்றாங்க. என்ன செய்வீங்க?"

அவர் விரலைத் தேய்த்தார். வெளியே பார்த்தார். "கேப்பேன்," என்றார்.

"சிஸ்டர்!"

"கேக்காம எப்படி இருக்கறது, பர்வீன்?"

நான் கத்தினேன். வேலை போகும், பிள்ளைகள் படிப்பு போகும், உங்களுக்கு உங்கள் வார்த்தைதான் முக்கியம் என்று என்னென்னவோ சொன்னேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். அவர் குறுக்கே பேசவில்லை. நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, "ஸ்பானிஷ்ல ஒரு வார்த்தை இருக்கு," என்று ஆரம்பித்தார்.

"இன்னிக்கு வேணாம் சிஸ்டர். சத்தியமா வேணாம்."

"சின்னதுதான். லதீனோ. முதல்ல அதுக்கு லத்தீன் தெரிஞ்சவன்னு அர்த்தம். லத்தீன் தெரிஞ்சா படிச்சவன், அதனால கெட்டிக்காரன்னு ஆச்சு. அப்புறம் பார்த்தா, ஏமாத்துக்காரன்னு ஆயிடுச்சு. ஒரே வார்த்தை, மூணு படி." ஆட்டோ நின்றது. அவர் இறங்கிப் புடவையைச் சரிசெய்துகொண்டார். "நான் முதல் படியோட நின்னுட்டேன், பர்வீன். மேல ஏறத் தெரியல."

வருத்தமாகச் சொல்லவில்லை. எந்த நிறுத்தத்தில் இறங்கினேன் என்று சொல்கிற மாதிரி சொன்னார். உடனே சாலையைக் கடந்து, எதிரே வந்த தண்ணீர் லாரியைக் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, அந்தப் பக்கம் போய்விட்டார்.

"அக்கா, வண்டி எங்க போவணும்?" என்றார் ஆட்டோக்காரர்.

அப்போதுதான் பார்த்தேன். கீழ்க்கட்டளையில் நின்றுகொண்டிருந்தோம். பல்லாவரம் எப்போதோ பின்னால் போயிருந்தது.